எலி மூளையில் சிவப்புப் புள்ளிகள்

பக்கவாதம் உண்டாக்கிய எலியின் மூளைக்குள் புதிய செல்களைச் செலுத்த ஓர் ஊசியும் நிதானமான கையும் போதும். ஒரு மாதம் கழித்து அந்தச் செல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டுவதுதான் பெரும்பாடு. எலி மூளையில் ஏறத்தாழ 20 கோடி நியூரான்கள் உள்ளன. துணைச் செல்களையும் சேர்த்தால் மொத்தம் 30 கோடியைத் தாண்டும். அந்தக் கூட்டத்துக்குள் சில லட்சம் செல்கள் போய்ச் சேர்கின்றன. அவற்றில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே இறந்துவிடும். எஞ்சியவை இடம்பெயரும், வடிவம் மாறும். சாதாரண வெளிச்சத்தில் நுண்ணோக்கிக்கு எல்லாச் செல்லும் ஒன்றுதான். வந்த செல் எது, எலியின் சொந்தச் செல் எது என்று அது சொல்லாது. பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும். 1990களிலும் 2000களிலும் அந்த வேலைக்கு மிகப் பரவலாக எடுத்தாளப்பட்டவற்றுள் ஒளிர்சாயங்கள் முக்கியமானவை. விலை குறைவு, சில நிமிட வேலை, படத்தில் பளிச்சென்று தெரியும். சாயம் ஒளிரும் இடத்தில் செல் இருக்கிறது என்பது அப்போது யாரும் கேள்வி கேட்காத அனுமானம்.

முதல் தலைமுறை ஆய்வாளர்களுக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. 1980களின் பிற்பகுதியில் பக்கவாத எலிகளின் மூளைக்குள் வைக்கப்பட்டவை தனிச் செல்கள் அல்ல; கருவின் மூளைப் புறணியிலிருந்து வெட்டி எடுத்த திசுத் துண்டுகள். ஸ்வீடனின் லுண்ட் நகரில் கிராபோவ்ஸ்கி, ப்ரூண்டின், யோஹான்சன் ஆகியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகை. உயர் ரத்த அழுத்த எலிகளில் மூளையின் நடுத் தமனியை அடைத்து, செத்துப்போன புறணிப் பகுதிக்குள் கருத் திசுவை அவர்கள் வைத்தார்கள். ஒட்டுத் திசு ஒரு கட்டியாக, எல்லையோடு, கண்ணுக்கே தெரிந்தது. எலியின் நரம்பிழைகள் அதற்குள் வளர்ந்து வருகின்றனவா என்பதே அங்கே கேள்வி.

திசுத் துண்டின் இடத்தைச் செல் கரைசல் பிடித்தபோது அந்த எல்லை மறைந்தது. வளர்ப்புத் தட்டில் பெருக்கிய நரம்பு ஸ்டெம் செல்கள், எலும்பு மஜ்ஜைச் செல்கள், தொப்புள்கொடி ரத்தச் செல்கள் எனத் தனித்தனியாக மிதக்கும் செல்களை மூளைக்குள்ளோ ரத்தக் குழாய்க்குள்ளோ செலுத்தலாம் என்றானது. கழுத்துத் தமனி வழியாக நைலான் இழையை ஏற்றி நடுத் தமனியை அடைத்துவிட்டுப் பிறகு இழையை உருவிவிடும் முறை 1989க்குப் பின் பரவியதால், ஒரே மாதிரியான பக்கவாதம் கொண்ட எலிகளும் தாராளமாகக் கிடைத்தன. பற்றாக்குறையாக இருந்தது அடையாளம் ஒன்றே.

அதற்குக் கைகொடுத்த சாயங்களில் ஒன்றுகூடப் பக்கவாதத்துக்காகப் பிறந்ததல்ல. உயிருள்ள செல்லில் சாயமேற்றி அதன் பயணத்தைப் பின்தொடரும் எண்ணம் கருவியலாளர்களுடையது. ஜெர்மனியின் வால்டர் ஃபோக்ட் 1920களில் நைல் நீலம், நியூட்ரல் சிவப்பு ஆகிய சாயங்களை அகார் துண்டுகளில் ஊறவைத்து, தவளை, சாலமாண்டர் கருக்களின் மேல் ஒட்டி, எந்தத் திட்டு எந்த உறுப்பாகிறது என்று வரைபடம் போட்டார். அவை வெறும் நிறச் சாயங்கள். செல் பெருகப் பெருக வெளிறிவிடும். ஒளிர்சாயத்தின் பலம் வேறு வகை. குறைந்த அலைநீள ஒளியை உறிஞ்சி, அதைவிடக் கூடிய அலைநீளத்தில் அது ஒளியை உமிழ்கிறது. குயினைன் கரைசலில் இந்த இயல்பை ஆராய்ந்து கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல் விளக்கம் எழுதினார். தூண்டும் ஒளியை வடிகட்டியால் தடுத்துவிட்டால், உமிழும் ஒளி மட்டும் கரும்பின்னணியில் மின்னும். மிகச் சிறிய அளவுச் சாயமும் கண்ணில் படும்.

1970களில் இரண்டு ஜெர்மன் ஆய்வுக்கூடங்களின் ஒட்டுண்ணி மருந்துத் தேடல் எதிர்பாராத பலன் தந்தது. எர்லாங்கனில் ஓட்டோ டான் குழு, ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு மருந்து தேடும்போது 1971இல் டாப்பி என்ற பொருளைத் தயாரித்தது. ஹோக்ஸ்ட் நிறுவனம் தன் வரிசையில் 33258, 33342 என்று எண்ணிட்ட பொருள்களைத் தந்தது. மருந்தாக இவை பெரிதாகப் போகவில்லை. டி.என்.ஏ.யின் சிறு பள்ளத்தில் போய் ஒட்டிக்கொண்டு, புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்ததால் உலகின் எல்லா உயிரியல் ஆய்வுக்கூடங்களுக்குள்ளும் நுழைந்தன. ஹோக்ஸ்ட் 33342 உயிருள்ள செல்லின் சவ்வையும் எளிதாகக் கடக்கும். செல்லைக் கொல்லாமல் அதன் உட்கருவுக்கு நிறம் தரலாம் என்பதால் மாற்றுச் செல் ஆய்வுக்கு அதுவே முதலில் வந்தது. 1991இல் பாரிஸ் குழுவொன்று சுண்டெலியின் தண்டுவடத்தில் செலுத்திய, நரம்பிழைகளுக்கு உறையிடும் ஷ்வான் செல்களைத் தேடிப் பிடிக்க அதைப் பரிந்துரைத்தது.

செல் சவ்வில் ஒட்டும் சாயங்களின் கதை வேறு. ஆலன் வாகனர் குழு 1974இல் விவரித்த கார்போசயனின் சாயங்கள், சவ்வுக்கு இருபுறமும் உள்ள மின்னழுத்தத்தை அளக்க உண்டாக்கப்பட்டவை. நீண்ட கொழுப்பு வால்கள் கொண்ட டை-ஐ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை நியூரான்களில் ஏற்றினால் வாரக்கணக்கில் நிலைத்திருக்கிறது, செல்லைக் கெடுப்பதில்லை, பக்கத்துச் செல்லுக்குப் போவதில்லை என்று மார்சியா ஹானிக், ரிச்சர்ட் ஹியூம் இருவரும் 1986இல் கோழிக் கரு நியூரான்களில் காட்டினார்கள். மூன்றாவது முடிவு வளர்ப்புத் தட்டில் கிடைத்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். வளர்ப்புத் தட்டில் குப்பை அள்ளும் மேக்ரோஃபேஜ்கள் கிடையாது. 1989இல் பால் கார்ல் ஹோரனும் சூ ஸ்லெசாக்கும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, ஹோரனின் பெயரெழுத்துகளைத் தாங்கிய பி.கே.எச். சாயங்களை அறிமுகம் செய்தது. ரத்தச் செல்களைப் பின்தொடர உருவான இவற்றில், சிவப்பாக ஒளிரும் பி.கே.எச். 26தான் பின்னாளில் பக்கவாத எலிகளின் மூளைப் படங்களை நிறைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில் கிறிஸ்டோபர் பாரிஷ் குழு, லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை ரத்தச் செல்களின் பயணத்தை அறிய சி.எஃப்.எஸ்.இ. என்ற பச்சைச் சாயத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. இது செல்லுக்குள் புகுந்ததும் அங்குள்ள எஸ்டரேஸ் நொதிகளால் வெட்டப்பட்டு, புரதங்களோடு வேதிப்பிணைப்பு கொள்ளும். செல் இரண்டாகும்போது ஒளியும் சரிபாதியாகக் குறையும். எத்தனை முறை செல் பிரிந்தது என்று எண்ணிவிடலாம். நோயெதிர்ப்பு ஆய்வில் பெரும் வரமான இந்த இயல்பே, பெருகும் ஸ்டெம் செல்லை ஒரு மாதம் தேட வேண்டிய பக்கவாத ஆய்வில் பாதகமாகிறது. ஏழு முறை பிரிந்த செல்லில் தொடக்க ஒளியின் நூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

சாயமேற்றும் வேலை எளிதாகத் தோன்றினாலும் கை பழக வேண்டியது. வளர்ப்புத் தட்டிலிருந்து பிரித்த செல்களை உப்பில்லாத கரைசலில் மிதக்கவிட்டு, பி.கே.எச். 26ஐச் சேர்த்துச் சில நிமிடங்கள் மட்டும் வைப்பார்கள். பிறகு சீரம் ஊற்றி நிறுத்துவார்கள். மிச்சச் சாயத்தைச் சீரப் புரதம் பிடித்துக்கொள்ளும். அதன்பின் மையவிலக்கில் சுழற்றி, பலமுறை கழுவுவார்கள். இந்தக் கழுவலில்தான் பல ஆய்வுகள் சறுக்கின. கழுவாமல் தங்கிய சாயம் கொழகொழத்துத் துகள்களாகத் திரளும். அந்தத் துகள் செல்லோடு சேர்ந்து ஊசிக்குள் போய், மூளைச் சீவலில் செல் போலவே மின்னும். செலுத்தும்போது எலியின் தலையைச் சட்டத்தில் பொருத்தி, மண்டையோட்டுத் தையல்கள் சந்திக்கும் புள்ளியிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து துளையிடுவார்கள். குறித்த நாளில் எலியைக் கொன்று, பார்மால்டிஹைடு வகைக் கரைசலை இதயம் வழியாகச் செலுத்தி மூளையைப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் வைப்பார்கள்.

சிவப்புப் புள்ளி கிடைத்தால் மட்டும் போதாது. அது நியூரானா, துணைச் செல்லா என்று அறிய அந்தந்தச் செல்லுக்கே உரிய புரதத்தை எதிர்ப்பொருள் கொண்டு வேறு நிறத்தில் ஒளிரச் செய்ய வேண்டும். எதிர்ப்பொருள் செல்லுக்குள் நுழைய டிட்டர்ஜென்ட் வகைப் பொருளால் சவ்வைத் துளைக்க வேண்டும். டை-ஐயோ அந்தச் சவ்வின் கொழுப்பில்தான் இருக்கிறது. சவ்வு கரைந்தால் சாயமும் கரைந்து ஓடும். அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில் யூஜீன் நகரில் இயங்கிய மாலிக்யுலர் ப்ரோப்ஸ் நிறுவனம் புரதங்களோடு பிணையும் டை-ஐ வடிவமொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து இந்தத் தொல்லையைக் குறைத்தது. ஆனால் எந்த நிறுவனத்தாலும் தீர்க்க முடியாத தொல்லை மூளைத் திசுவிலேயே இருந்தது.

அந்தத் தொல்லை வெளிப்படுவதற்குமுன் நல்ல காலமொன்று வந்துபோனது. லண்டன் மனநல மருத்துவ நிறுவனத்தில் ஹெலன் ஹாட்ஜஸ், ஜெஃப்ரி கிரே, ஜான் சிண்டன் ஆகியோர் எம்.எச்.பி. 36 என்ற சுண்டெலி நரம்பு ஸ்டெம் செல் வரிசையை வளர்த்திருந்தார்கள். 33 டிகிரி வெப்பத்தில் பெருகி, உடல் வெப்பத்தில் பெருக்கத்தை நிறுத்திக்கொள்ளும்படி மரபணு மாற்றிய செல் அது. பக்கவாதம் தாக்காத எதிர்ப்பக்க அரைக்கோளத்தில் செலுத்தினாலும் எலிகளின் அசைவுக் குறைகள் குறைந்தன என்று இக்குழு 2001இல் எழுதியது. மறு ஆண்டில் அதே குழுவின் மைக் மோடோ, செலுத்தும் இடத்தைப் பொறுத்துக் குணமாகும் செயல்பாடு மாறுகிறது என்று காட்டினார். டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் மைக்கேல் சாப் குழுவினர் இன்னும் துணிச்சலாகப் போனார்கள். எலும்பு மஜ்ஜைச் செல்கள் 30 லட்சத்தை எலியின் ரத்த நாளத்தில் பக்கவாதத்துக்கு ஒரு நாள் கழித்துச் செலுத்தி, மூளையில் அவற்றைக் கண்டதாகவும், சிறு பங்கு நியூரானின் அடையாளப் புரதத்தைக் காட்டியதாகவும் 2001இல் அறிவித்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது ஒளிர்சாயம் அல்ல, டி.என்.ஏ. உருவாகும்போது அதற்குள் சேரும் பி.ஆர்.டி.யு. என்ற அடையாளப் பொருள். எனினும் தத்துவம் ஒன்றே: செலுத்துமுன் குறியிடு, பிறகு குறியைத் தேடு. எலும்பு மஜ்ஜை நியூரானாகிறது என்று 2000இல் சயன்ஸ் இதழில் வந்த இரண்டு கட்டுரைகள் இந்த உற்சாகத்துக்கு எண்ணெய் வார்த்தன. அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் உலகெங்கும் ஹோக்ஸ்ட் நீலமும் பி.கே.எச். சிவப்பும் மின்னும் எலி மூளைப் படங்கள் இதழ்களில் குவிந்தன.

இந்தப் படங்கள் மீது எழுந்த சந்தேகத்துக்கு முதல் காரணம் மூளையே ஒளிர்வதுதான். வயதான நியூரான்களில் சேரும் லிப்போஃபூசின் என்ற கழிவுப் பொருள் மஞ்சளிலிருந்து சிவப்புவரை அகன்ற பட்டையில் ஒளிரும். பக்கவாதம் தாக்கிய பகுதியில் செத்த திசு, சிதைந்த ரத்தம், கொழுப்பைத் தின்று வீங்கிய மேக்ரோஃபேஜ்கள் எல்லாமே தாமாக ஒளிர்பவை. சாயமேற்றிய செல்லை ஆய்வாளர் தேடுவது துல்லியமாக அதே இடத்தில். இதைக் கண்டுகொள்ள எளிய சோதனை உண்டு: சிவப்பு வடிகட்டியில் தெரியும் புள்ளி பச்சை வடிகட்டியிலும் தெரிந்தால் அது சாயம் அல்ல, திசுவின் சொந்த ஒளி. சூடான் கறுப்பு என்ற சாயத்தால் லிப்போஃபூசின் ஒளியை மங்கச் செய்வதும் உண்டு. ஒரு வடிகட்டியில் எடுத்த படத்தை மட்டும் அச்சிட்ட கட்டுரைகளை இன்று படிக்கும்போது நம்புவது கடினம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. கேம்பிரிட்ஜில் வில்லியம் பிளேக்மோரின் ஆய்வுக்கூடம் 2000ஆம் ஆண்டில் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டது. செலுத்திய செல்களில் ஏற்றிய ஹோக்ஸ்ட் 33342, எலியின் சொந்தச் செல்களின் உட்கருவுக்குப் போய்விடுகிறது என்பதே அதன் சாரம். சாயம் டி.என்.ஏ.யோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கிறது. செல் இறந்து உடைந்தால் வெளியேறிப் பக்கத்தில் கிடைக்கும் டி.என்.ஏ.யில் ஒட்டும். புதுச் சேலையோடு ஊறவைத்த வெள்ளை வேட்டியின் கதைதான். செலுத்திய செல்களில் பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே இறப்பதால் ஊறுவதற்குச் சாயத்துக்குப் பஞ்சமில்லை. இறந்த செல்லுக்குப் பக்கத்தில் இருப்பது எலியின் முழு வளர்ச்சியடைந்த நியூரான். அதன் உட்கரு நீலமாக ஒளிர்வதையும் அது நியூரான் புரதத்தைக் காட்டுவதையும் ஒன்றாகப் பார்ப்பவர், ஸ்டெம் செல் நியூரானாகிவிட்டது என்றுதான் எழுதுவார்.

ஹோக்ஸ்ட் சாயத்தைப் பற்றி இன்னொரு சங்கடமும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. மார்கரெட் குடெல் 1996இல் எலும்பு மஜ்ஜைச் செல்களை இந்தச் சாயத்தில் நனைத்தபோது, ரத்த ஸ்டெம் செல்கள் சாயத்தை வெளியே இறைத்துவிட்டு மங்கலாகத் தனித்து நின்றன. அந்த இறைக்கும் இயல்பையே ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்கும் வழியாக அவர் மாற்றினார். தேட வேண்டிய செல்லே சாயத்தை வெளியேற்றும் செல்லாக இருக்கும்போது, அந்தச் சாயத்தை வைத்து அதைத் தேடியவர்கள் குடெலின் கட்டுரையைக் கவனிக்காதது வியப்புக்குரியது.

2006இல் ஸ்டெம் செல்ஸ் இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. நியூ ஜெர்சியில் தாமஸ் காயின், டேல் உட்பரி, ஐரா பிளாக் குழு, மூளைக்குள் வைத்த எலும்பு மஜ்ஜைச் செல்களைச் சுற்றி அழற்சி திரண்டு அவற்றை அழித்துவிடுவதையும், அவற்றின் அடையாளப் பொருள்கள் எலியின் நியூரான்களுக்கும் துணைச் செல்களுக்கும் கைமாறுவதையும் காட்டியது. எலும்பு மஜ்ஜைச் செல்லை வளர்ப்புத் தட்டில் நியூரானாக்கியதாக 2000இல் பெரும் பரபரப்பை உண்டாக்கியவர்களும் உட்பரி, பிளாக் உள்ளிட்ட இதே குழுவினர்தான் என்பதால் இந்தக் கட்டுரைக்குத் தனிக் கனம் இருந்தது. மினசோட்டாவில் டெரி பர்ன்ஸ், வால்டர் லோ குழு பி.ஆர்.டி.யு. போன்ற பொருள்களைச் சோதித்தது. குறியிட்ட செல்களைக் கொன்றுவிட்டுச் செலுத்தினாலும் எலியின் சொந்தச் செல்களில் குறி தோன்றியது. இறந்த செல்லின் டி.என்.ஏ. சிதைந்து வெளிவரும் பொருளைப் பெருகிக்கொண்டிருக்கும் எலிச் செல்கள் வாங்கிக்கொள்கின்றன. பக்கவாதத்துக்குப் பின் எலி மூளையே புது நியூரான்களை உண்டாக்குகிறது என்று லுண்டின் ஒல்லே லிண்ட்வால், ஸால் கொகையா குழு 2002இல் நிறுவியிருந்ததால், வாங்கிக்கொள்ளும் செல்கள் அங்கே தயாராகவே இருந்தன. பி.கே.எச். 26உம் தப்பவில்லை. சவ்வுச் சாயம் உடைந்த செல்லின் சவ்வுத் துண்டோடு மேக்ரோஃபேஜின் வயிற்றுக்குள் போகிறது. மேக்ரோஃபேஜ் நகர்ந்தால், செலுத்திய செல் நகர்வதாகவே தெரியும். இதற்கிடையே 2003இல் வெளியான வேறு ஆய்வுகள், எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த செல் நியூரானோடு கலந்து ஒரே செல்லாகிவிடுவதும் உண்டு என்று காட்டியிருந்தன.

இதிலிருந்து ஒரு பழக்கம் பிறந்தது. அதே செல்களுக்கு அதே சாயத்தை ஏற்றி, உறையவைத்து உருக்கிக் கொன்று, இன்னொரு தொகுதி எலிகளுக்குச் செலுத்திப் பார்ப்பது. இரண்டு தொகுதியிலும் ஒரே மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் முடிவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மிக மலிவான இந்தச் சோதனை, சாயம் புழக்கத்துக்கு வந்த பத்தாண்டுக்கும் மேல் கழித்தே பரவலாகக் கேட்கப்பட்டது.

எலியைக் கொல்லாமல் பார்க்கும் ஆசை இன்னொரு பாதையைத் திறந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளி மூளைத் திசுவில் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் சிதறிவிடும், மண்டையோடும் தடுக்கும். எனவே ஒரே துகளில் இரண்டு அடையாளங்களைக் கட்டினார்கள். மோடோ 2002இல் பயன்படுத்திய துகளில் டெக்ஸ்ட்ரான் சர்க்கரைச் சங்கிலியில் கேடோலினியமும் ரோடமின் சாயமும் சேர்ந்திருந்தன. கேடோலினியம் உயிருள்ள எலியின் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும், அதே செல்லைப் பிறகு சீவலில் ரோடமினின் சிவப்பால் சரிபார்க்கலாம். அதே ஆண்டில் கொலோனில் மத்தியாஸ் ஹோன் குழு, பச்சையாக ஒளிரும் புரதத்தைத் தயாரிக்கும் கரு ஸ்டெம் செல்களுக்குள் நுண்ணிய இரும்பு ஆக்சைடை ஏற்றி, பக்கவாதம் தாக்கி இரண்டு வாரமான எலிகளின் எதிர்ப்பக்க அரைக்கோளத்தில் செலுத்தியது. 78 மைக்ரோமீட்டர் துல்லியத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில், மூன்று வாரத்துக்குள் கறுப்புக் கோடு ஒன்று இரு அரைக்கோளங்களை இணைக்கும் கார்பஸ் கலோசம் வழியாகச் சேதமடைந்த பகுதியின் விளிம்பை எட்டியது. பக்கவாத ஆய்வில் மிக அழகான படங்கள் என்று இவற்றைச் சொல்லலாம். இரும்பும் மேக்ரோஃபேஜுக்குள் போகும் என்ற ஆட்சேபம் இதற்கும் பொருந்தும். ஆனால் பச்சைப் புரதம் சீவலில் சாட்சி சொன்னதால் இந்த ஆய்வு நின்றது.

கேடோலினியம்–ரோடமின் துகளின் முடிவு எதிர்பாராத விதமாக அமைந்தது. மோடோ குழு 2009இல் ஓராண்டு நீடித்த ஆய்வை வெளியிட்டது. பி.கே.எச். 26 ஏற்றிய ஸ்டெம் செல்கள் எலிகளின் செயல்பாட்டை மேம்படுத்தின. அதே செல்களுக்கு இரட்டைத் துகளை ஏற்றிச் செலுத்தியபோது அந்த முன்னேற்றம் இல்லை; சேதமடைந்த பகுதி சற்றுப் பெரிதாகவும் ஆனது. செல்லைக் காட்ட வந்த பொருள் செல்லின் வேலையைக் கெடுத்திருந்தது. சாயமேற்றிய செல் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் வளர்ப்புத் தட்டில் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது.

ரத்த நாளம் வழியே செலுத்திய செல்களின் கதையில் ஒளிர்குறிகள் நல்ல சேவை செய்தன. அங்கே கேள்வி மாதக்கணக்கானதல்ல. செலுத்திய சில மணி நேரத்தில் செல்கள் எங்கே போகின்றன என்பதே. சாயம் கைமாற அவகாசமில்லை. ஹூஸ்டனில் 2009இல் வெளியான ஆய்வொன்றில், குவாண்டம் புள்ளிகள் என்ற ஒளிரும் குறைக்கடத்தித் துகள்களைப் பலவகை ஸ்டெம் செல்களில் ஏற்றி எலியின் சிரையில் செலுத்தினார்கள். பெரும்பான்மை நுரையீரலில் சிக்கிக்கொண்டது. காரணம் அளவு: வளர்ப்பில் பெருத்த எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லின் விட்டம் 15 முதல் 20 மைக்ரோமீட்டர், நுரையீரல் நுண்குழாய் 10 மைக்ரோமீட்டருக்கும் குறுகலானது. நுரையீரலைத் தாண்டுபவற்றிலும் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கும். அமெரிக்காவின் டாம்பாவில் செசாரியோ போர்லாங்கன் குழு, பக்கவாதம் தாக்கி 60 நாளான எலிகளுக்குச் சிரை வழியே செலுத்திய மனித எலும்பு மஜ்ஜைச் செல்கள் மூளையைவிட மண்ணீரலுக்கே அதிகம் போவதாகவும், அதனால் அழற்சி தணிவதாகவும் 2015இல் எழுதியது.

செல் மூளையை அடையாமலே பலன் உண்டு என்றால், செத்த நியூரானின் இடத்தில் புது நியூரான் உட்காருகிறது என்ற பழைய விளக்கம் நிற்காது. 2004இலேயே போர்லாங்கன் குழு, தொப்புள்கொடி ரத்தச் செல்கள் மூளைக்குள் நுழையாதபோதும் பக்கவாத எலிகளைக் காக்கின்றன என்று எழுதியிருந்தது. சாப்பும் யி லீயும் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, செல்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளே வேலை செய்கின்றன என்ற விளக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

நீண்ட காலப் பின்தொடர்தலில் சாயத்தின் இடத்தை மரபணு அடையாளங்கள் எடுத்துக்கொண்டன. ஜெல்லிமீனிலிருந்து ஒசாமு ஷிமோமுரா 1962இல் பிரித்த பச்சைப் புரதத்தின் மரபணுவை மார்ட்டின் சால்ஃபி 1994இல் வேறு உயிரிகளுக்குள் வைத்துக் காட்டியபின், செல்லே தன் அடையாளத்தைத் தயாரித்துக்கொள்ள முடிந்தது. செல் பிரிந்தால் குறையாது. செல் இறந்தால் உற்பத்தி நிற்கும். சில செல்களில் மரபணு நாளடைவில் அடங்கிப்போவதுண்டு என்பது அதன் குறை. மனிதச் செல்லை எலிக்குள் செலுத்தும் ஆய்வுகளுக்கு இன்னும் எளிய வழி இருந்தது: மனிதப் புரதத்தை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள். ஸ்டான்ஃபோர்டில் கேரி ஸ்டீன்பர்க் குழு 2004இல் இப்படித்தான் மனிதக் கருவின் நரம்பு ஸ்டெம் செல்கள் எலிப் புறணியில் பிழைத்து, சேதத்தை நோக்கி நகர்ந்ததைக் காட்டியது. செலுத்துமுன் எதையும் ஏற்றாததால் கைமாறவும் எதுவுமில்லை.

மனிதரிடம் ஒளிர்சாயத்துக்கு வேலை இல்லை. ஒளி மண்டையோட்டைத் தாண்டி வராது. சீவல் எடுக்கவும் முடியாது. பிட்ஸ்பர்க்கில் 1998இல் தொடங்கிய முதல் ஆய்வில், கட்டிச் செல் வரிசையிலிருந்து உருவாக்கிய நியூரான்கள் 12 பக்கவாத நோயாளிகளின் மூளைக்குள் வைக்கப்பட்டன. அவர்களில் ஒருவர் 27 மாதம் கழித்து மாரடைப்பால் இறந்தபோது அவரது மூளையை ஆராய முடிந்தது. வைத்த இடத்தில் நியூரான் புரதம் காட்டும் செல்கள் இருந்தன; அவை வெளியிலிருந்து வந்தவை என்று கருத உதவியது, கட்டிச் செல் வரிசைக்கே உரிய மிகுதியான குரோமோசோம் எண்ணிக்கை. ரியோ டி ஜெனீரோவில் எலும்பு மஜ்ஜைச் செல்களில் டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கக் குறியேற்றித் தமனி வழியே செலுத்திப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் மூளையில் தெரிந்த குறி, 24 மணி நேரத்தில் சிலரிடம் மட்டுமே தெரிந்தது. இந்தியாவில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் காமேஸ்வர் பிரசாத் தலைமையில் பல மையங்களில் 120 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜைச் செல்களைச் சிரை வழியே செலுத்தியது பாதுகாப்பாக இருந்தும் பலன் தரவில்லை என்று 2014இல் தெரியவந்தது. செல்கள் போய்ச் சேரவில்லையா, போய்ச் சேர்ந்தும் உதவவில்லையா என்பதை இத்தகைய முடிவு பிரித்துச் சொல்லாது.

எம்.எச்.பி. 36 வரிசையை வளர்த்த லண்டன் குழுவினர் தொடங்கிய ரீநியூரான் நிறுவனத்தின் மனித நரம்பு ஸ்டெம் செல்கள், 2010 நவம்பரில் கிளாஸ்கோவில் முதல் நோயாளியின் மூளைக்குள் சென்றன. கீத் மியூர் தலைமையில் 11 ஆண்களுக்கு 20 லட்சம் முதல் 2 கோடி வரை செல்கள் செலுத்தப்பட்டன. முடிவுகள் 2016இல் லான்செட் இதழில் வந்தன. ஐந்து பேரின் எம்.ஆர்.ஐ. படத்தில் ஊசி சென்ற தடத்தைச் சுற்றி வெண்மை தெரிந்தது. அது செல்களா, அழற்சியா, ஊசி பட்ட தழும்பா என்பதை அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை.